முற்றத்துக்கு எந்த வேம்பு, வரப்புக்கு எந்த வேம்பு?

மலைவேம்பு என்று சொல்லி வாங்கிய கன்று, மூன்றாம் ஆண்டிலோ நான்காம் ஆண்டிலோ கொத்துக் கொத்தாக ஊதாப் பூ பூத்து, சுண்டைக்காயைவிடச் சற்றுப் பெரிய மஞ்சள் பழங்களுடன் நின்றால் அது மலைவேம்பு அல்ல, காட்டு வேம்பு. பிளைவுட் ஆலைக்கு விற்கலாம் என்ற கணக்கில் நட்டவருக்கு அப்போதுதான் விவரம் தெரியவரும். அதற்குள் தண்ணீர், வேலி, களைக்கூலி, நிலம் பிடித்திருந்த இடம் என்று எல்லாச் செலவும் ஆகியிருக்கும். உளுந்திலோ நெல்லிலோ ரகம் மாறிப்போனால் நஷ்டம் ஒரு போகத்தோடு முடிந்துவிடும். மரத்தில் ஆள்மாறாட்டம் நடந்தால் நஷ்டத்தை ஆண்டுக்கணக்கில்தான் எண்ண வேண்டும்.

பண நஷ்டத்தோடு இது முடிவதில்லை. காட்டு வேம்பின் பழம் நஞ்சு. குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் அந்த மரம் நிற்கிறது என்றால், அது எந்த மரம் என்று வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வேப்பங்கொட்டைக் கரைசல் தயாரிப்பவருக்கும் கொட்டை எந்த மரத்தினுடையது என்பது முக்கியம். வீட்டைச் சுற்றியும் வரப்பிலும் மரம் வைக்க நினைப்பவர்கள் குழி வெட்டுவதற்கு முன்பு மரத்தை அடையாளம் காணக் கற்றுக்கொள்வது நல்லது. அதற்குப் படிப்பு தேவையில்லை. ஒரு இலைக்கொத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும் பொறுமை போதும்.

ஒரே பெயர், பல செடிகள்

தமிழில் 'வேம்பு' என்று முடியும் பெயர்கள் நிறைய உண்டு. கசப்பு இருந்தாலே நம் முன்னோர் வேம்பு என்று பெயர் வைத்துவிட்டார்கள். நிலவேம்பு ஒரு சிறு மூலிகைச் செடி. சிவனார் வேம்பு ஒரு குறுஞ்செடி. இவை இரண்டும் மரமே அல்ல. சந்தன வேம்பு மரம்தான். வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்ததும்கூட. ஆனால் அதன் காய் உலர்ந்து வெடித்து, இறகு உள்ள விதைகள் காற்றில் பறக்கும். வேம்பைப் போல சதைப்பழம் அதில் கிடையாது.

விவசாயிகளைக் குழப்புவது மூன்று மரங்கள். ஒன்று, கோவில் வாசலிலும் வீட்டு முற்றத்திலும் நிற்கும் நாட்டு வேம்பு. இதன் அறிவியல் பெயர் அசாடிராக்டா இண்டிகா. இரண்டாவது, மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் இயல்பாக வளரும் மலைவேம்பு. இது மீலியா டூபியா. மூன்றாவது, அழகுக்காகத் தோட்டங்களிலும் சாலையோரங்களிலும் வைக்கப்பட்ட காட்டு வேம்பு. இது மீலியா அசெடராக். பல ஊர்களில் இந்த மூன்றாவது மரத்தையும் மலைவேம்பு என்றே சொல்கிறார்கள். சில மூலிகை நூல்களிலும் அப்படித்தான் எழுதியிருக்கிறது. விற்பவர் பொய் சொல்லாமலேயே மரம் மாறிப்போவதற்குக் காரணம் இதுதான். வாங்குபவர் ஒன்றை நினைத்துக் கேட்கிறார். விற்பவர் இன்னொன்றை நினைத்துக் கொடுக்கிறார்.

இலையைப் பார்த்தால் பாதி தெரியும்

ஓர் அடிக்கு மேல் வளர்ந்த கன்றில், நன்கு விரிந்த ஒரு இலைக்கொத்தை அடியோடு கிள்ளி உள்ளங்கையில் விரித்து வைக்க வேண்டும். ஒரே ஈர்க்கு நீளமாக ஓடி, அதன் இரண்டு பக்கமும் நேரடியாக இலைகள் வரிசையாக ஒட்டியிருந்தால் அது நாட்டு வேம்பு. ஈர்க்கு மீண்டும் கிளைத்து, அந்தக் கிளை ஈர்க்குகளில் இலைகள் இருந்தால் அது மலைவேம்பு அல்லது காட்டு வேம்பு. முருங்கை இலைக்கொத்து எப்படிக் கிளை கிளையாகப் பிரிகிறதோ, அந்த அமைப்பு இது. இந்த ஒரு சோதனையிலேயே நாட்டு வேம்பு தனியாகப் பிரிந்துவிடும்.

நாட்டு வேம்பின் சிற்றிலை அரிவாள் போல லேசாக வளைந்திருக்கும். ஓரம் ரம்பப் பல் போலக் கூர்மையாக வெட்டுப்பட்டிருக்கும். இலையின் அடிப்பாகம் நடு நரம்புக்கு இருபுறமும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் காணப்படும். மற்ற இரண்டு மரங்களில் சிற்றிலை இந்த அளவுக்கு வளைந்திருக்காது.

ஒரு எச்சரிக்கை. முளைத்து நான்கைந்து வாரமே ஆன வேப்பங்கன்றில் முதல் இலைகள் மூன்று மூன்றாக, ஆழமாக வெட்டுப்பட்டு வேறு தோற்றத்தில் இருக்கும். அதைப் பார்த்து வேறு மரம் என்று பிடுங்கி எறிந்துவிடக் கூடாது. கன்று வளர வளர வழக்கமான ஈர்க்கும் இலையும் வந்துவிடும்.

மீதியைப் பூவும் பழமும் சொல்லும்

மலைவேம்பையும் காட்டு வேம்பையும் இலையை மட்டும் வைத்துப் பிரிப்பது கடினம். கன்று நிலையில் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள். இங்கே பூவையும் பழத்தையும்தான் பார்க்க வேண்டும்.

நாட்டு வேம்பின் பூ வெள்ளை நிறம், மணம் உண்டு. பங்குனி, சித்திரையில் மரத்தடி முழுவதும் உதிர்ந்து கிடக்கும். சித்திரைப் பிறப்பன்று பச்சடிக்குச் சேர்ப்பது இந்தப் பூதான். இதன் பழம் நீள்வட்டமாக, ஒன்று முதல் இரண்டு சென்ட்டிமீட்டர் நீளத்தில், பழுத்தால் மஞ்சளாக இருக்கும். அழுத்தினால் வழவழப்பான ஒரே கொட்டை வெளியே வரும். சதை இனிப்பாக இருப்பதால் காக்கையும் மைனாவும் விரும்பித் தின்னும்.

காட்டு வேம்பின் பூ வெளிர் ஊதா. நடுவில் கரு ஊதா நிறத்தில் சிறு குழல் ஒன்று தெரியும். தூரத்தில் இருந்து பார்த்தாலே நிறம் கண்ணில் படும். பழம் உருண்டையாக, ஏறக்குறைய ஒன்றரை சென்ட்டிமீட்டர் குறுக்களவில் இருக்கும். இலையெல்லாம் உதிர்ந்த பிறகும் மஞ்சள் பழங்கள் மட்டும் வெறும் கிளையில் கொத்தாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இது நல்ல அடையாளம்.

மலைவேம்பின் பூ பச்சை கலந்த வெள்ளை, கவர்ச்சியாக இருக்காது. பழம் மற்ற இரண்டைவிடப் பெரியது. சிறு நெல்லிக்காய் அளவுக்கு, சற்று நீண்டு, உள்ளே மிகக் கெட்டியான கொட்டையுடன் இருக்கும். மரம் நேராக, கிளையில்லாமல் உயரே போகும். இளமரத்தின் பட்டை வழவழப்பாக இருந்து, அதில் வெளிறிய புள்ளிகள் தெரியும். வயதான நாட்டு வேம்பின் பட்டையோ கருஞ்சாம்பல் நிறத்தில் நீளவாட்டில் வெடித்துச் சொரசொரப்பாக இருக்கும். காட்டு வேம்பு பெரும்பாலும் தாழ்விலேயே கிளைத்துக் குடை போலப் படரும்.

முற்றத்துக்கு நாட்டு வேம்பு

வீட்டோரம் வைக்க இந்த மூன்றில் ஏற்றது நாட்டு வேம்புதான். வேர் ஆழமாகப் போவதால் காற்றைத் தாங்கும். மழை குறைந்த மாவட்டங்களிலும் நிற்கும். ஓரளவு களர் நிலத்தையும் பொறுத்துக்கொள்ளும். கோடையில் முழுவதும் மொட்டையாகாமல் பழைய இலை உதிரும்போதே புதுத்தளிர் வந்துவிடுவதால், நிழல் தேவைப்படும் மாதங்களில் நிழல் இருக்கும். அதற்குப் பிடிக்காத ஒரே விஷயம் தேங்கும் தண்ணீர். மழைக்காலத்தில் நாள்கணக்கில் நீர் நிற்கும் பள்ளத்தில் வேம்பு வைத்தால் வேர் அழுகிப் போகும்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கன்று கையகல இடத்தில் நிற்கிறது என்பதால் சுவரில் இருந்து நாலடி தள்ளி வைத்துவிடுகிறார்கள். இருபது ஆண்டு கழித்து அதன் தலை இருபது, முப்பது அடி அகலத்துக்கு விரியும் என்பதை அப்போது நினைப்பதில்லை. வீட்டுச் சுவரில் இருந்து குறைந்தது 15 அடி, முடிந்தால் 20 அடி தள்ளி வைக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, குடிநீர்க் குழாய், கிணறு ஆகியவற்றுக்கும் இந்தத் தூரம் பொருந்தும். மேலே மின்கம்பி போகும் இடம் வேண்டவே வேண்டாம். பிற்பகல் வெயில் மேற்கில் இருந்து வருவதால், வீட்டின் மேற்குப் பக்கத்தில் வைத்தால் சுவர் சூடாவது குறையும். காய்கறிப் பாத்தியும் கீரைப் பாத்தியும் மரத்தின் நிழல் விழாத பக்கத்தில் இருக்கட்டும்.

கன்றை விலைக்கு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் நல்ல மரத்தின் அடியில் அன்றன்று விழும் பழங்களைப் பொறுக்கி, சதையை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி உடனே விதைக்க வேண்டும். வேப்பம் விதைக்கு முளைப்புத் திறன் வெகு சீக்கிரம் குறைந்துவிடும். இரண்டு வாரத்துக்குள் விதைப்பது நல்லது. கடந்த ஆண்டு மூட்டை கட்டி வைத்த விதையைப் போட்டுவிட்டு முளைக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை. செம்மண், மணல், மட்கிய தொழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து பைகளில் நிரப்பி, விதையைப் படுக்கை வாட்டில் வைத்து லேசாக மண்ணால் மூட வேண்டும். ஒன்று முதல் மூன்று வாரத்தில் முளைத்துவிடும்.

ஆடியில் போட்ட விதை அந்த ஆண்டு ஐப்பசி மழைக்குச் சிறு கன்றாகத்தான் இருக்கும். அதைப் பையிலேயே பராமரித்து, அடுத்த ஆண்டு புரட்டாசி, ஐப்பசியில் ஒன்றரை, இரண்டு அடி உயரக் கன்றாக நடுவது பாதுகாப்பானது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து சில நாள் ஆறவிட்டு, மேல்மண்ணோடு தொழு உரம் கலந்து நிரப்பி நடலாம். பையைக் கிழிக்கும்போது அடியில் வேர் சுருண்டிருந்தால் அந்தச் சுருளை மட்டும் நறுக்கிவிட வேண்டும். முதல் இரண்டு கோடைக்கு வாரம் ஒரு முறை தண்ணீர் விட்டால் போதும். ஆடு எட்டாத உயரம் வரும் வரை முள்வேலி கட்டாயம். வெள்ளாட்டுக்கு வேப்பந்தழை என்றால் அவ்வளவு பிரியம்.

கொட்டையில் இருக்கிறது வருமானம்

வேம்பு ஐந்து ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். நன்கு வளர்ந்த மரம் ஒன்று ஆண்டுக்கு 30 முதல் 50 கிலோ பழம் கொடுக்கும். இதைப் பெருக்கித் தள்ளும் குப்பையாக நினைப்பவர்கள்தான் அதிகம். வேப்பெண்ணெயில் இருந்து பூஞ்சாணக் கொல்லி தயாரிக்கும் முறைக்கு 1994-ல் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் அமெரிக்க வேளாண் துறைக்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கும் காப்புரிமை கொடுத்தது. இந்திய விவசாயிகளுக்கு இது காலங்காலமாகத் தெரிந்த சங்கதி என்று எதிர்த்து வழக்காடி, 2000-ல் அந்தக் காப்புரிமை ரத்து செய்யப்பட்டது. 2005-ல் மேல்முறையீடும் தள்ளுபடியானது. வெளிநாட்டில் வழக்கு நடத்தி மீட்ட பொருள் நம் வாசலில் வீணாகக் கிடக்கக் கூடாது.

பொறுக்கிய கொட்டையை நிழலில் நன்கு உலர்த்தி, சாக்குப் பையில் காற்றோட்டமாக வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூசணம் பிடிக்கும். கரைசல் தயாரிக்க, சேகரித்து மூன்று மாதத்துக்கு மேலும் எட்டு மாதத்துக்கு உள்ளும் ஆன கொட்டைதான் சிறந்தது. அந்தக் காலத்தில்தான் பூச்சியைக் கட்டுப்படுத்தும் அசாடிராக்டின் என்ற பொருள் நல்ல அளவில் இருக்கும்.

10 லிட்டர் டேங்க் ஒன்றுக்கு ஓடு நீக்கிய பருப்பு அரை கிலோ வேண்டும். அதை இடித்துப் பொடித்து, துணியில் தளர்வாகக் கட்டி, இரண்டு மூன்று லிட்டர் தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவிட வேண்டும். காலையில் துணியைப் பிழிந்து பிழிந்து பால் போன்ற சாறு எடுத்து, 10 லிட்டராகத் தண்ணீர் சேர்த்து, 20 கிராம் காதி சோப்பைக் கரைத்து ஊற்ற வேண்டும். இதுதான் 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல். ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் தெளிக்க 10 கிலோ பருப்பு பிடிக்கும். அன்று தயாரித்ததை அன்றே, வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும்.

இந்த அளவுகள் நாட்டு வேம்பின் பருப்புக்கு மட்டும் உரியவை. காட்டு வேம்பின் கொட்டையையோ மலைவேம்பின் கொட்டையையோ சேர்த்துவிட்டுப் பூச்சி போகவில்லை என்று கரைசலைக் குறை சொல்லக் கூடாது.

மரம் கருகினால் வெட்ட வேண்டாம்

மழைக்காலத்தில் வேப்ப மரங்களின் நுனிக்கிளைகள் தீயில் வாட்டியது போலக் காய்ந்து தொங்குவதைப் பல ஊர்களில் பார்க்க முடிகிறது. மரம் செத்துவிட்டது என்று வெட்டி விற்றுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதற்குக் காரணம் இரண்டு. தேயிலைக் கொசு எனப்படும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுவது ஒன்று. ஃபோமாப்சிஸ் என்ற பூஞ்சாணம் தாக்கி நுனியில் இருந்து பின்னோக்கிக் காய்வது மற்றொன்று. ஈரமும் குளிர்ச்சியும் உள்ள மாதங்களில் இது அதிகமாகத் தெரியும். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரங்கள் புதுத்தளிர் விட்டுத் தேறிவிடும். ஒரு கோடை வரையாவது பொறுத்துப் பார்க்க வேண்டும்.

சிறிய மரமாக இருந்தால் காய்ந்த நுனிகளைப் பச்சைப் பகுதியில் இருந்து ஐந்தாறு அங்குலம் சேர்த்து வெட்டி எரித்துவிடலாம். வெட்டியதை மரத்தடியிலேயே குவித்து வைத்தால் பூஞ்சாணம் மீண்டும் பரவும். நாற்றங்காலில் தாக்குதல் இருந்தால், பாதித்த கிளையை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் காட்டி மருந்தையும் அளவையும் கேட்டுத் தெளிப்பது நல்லது.

வரப்புக்கும் தோட்டத்துக்கும் மலைவேம்பு

மலைவேம்பு விரைவாக வளரும் தொழில்மரம். இதன் கட்டையை மெல்லிய ஏடாகச் சுழற்றிச் சீவிப் பிளைவுட் செய்கிறார்கள். காகிதக் கூழுக்கும் பயன்படும். ஆழமான செம்மண், மணல் கலந்த வண்டல் மண்ணில் நீர்ப்பாசனமும் இருந்தால் ஆறு முதல் எட்டு ஆண்டில் வெட்டலாம். அடியில் சரளையோ பாறையோ உள்ள நிலத்தில் எத்தனை ஆண்டு காத்திருந்தாலும் பருமன் ஏறாது. தண்ணீர் தேங்கும் நிலமும் ஆகாது. விளம்பரத்தில் சொல்லப்படும் வருமானம் எல்லா மண்ணுக்கும் பொருந்தாது என்பதை நடுவதற்கு முன்பே நினைவில் வைக்க வேண்டும்.

தனித் தோட்டமாக வைத்தால் 10 அடிக்கு 10 அடி இடைவெளியில் ஏக்கருக்கு ஏறக்குறைய 435 மரம் வரும். வரப்பு ஓரம் வைப்பதாக இருந்தால் 10 முதல் 12 அடிக்கு ஒன்று வைக்கலாம். பக்கத்து வயலில் நிழல் விழும் என்பதால் அந்த விவசாயியிடம் முன்கூட்டியே பேசிவிடுவது பின்னால் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும். முதல் இரண்டு ஆண்டுக்கு நடுவே நிலக்கடலை, உளுந்து, காய்கறி என்று ஊடுபயிர் எடுக்கலாம்.

ஆலைக்காரர் பார்ப்பது கணுவில்லாத நேரான கட்டையை. அதனால் பக்கக் கிளைகளை அவை விரல் பருமனில் இருக்கும்போதே கூரான கத்தரியால் தண்டை ஒட்டி வெட்டிவிட வேண்டும். அடிமரம் 20 அடி உயரத்துக்குச் சுத்தமாகும் வரை இந்த வேலை தொடர வேண்டும். கிளையை வளரவிட்டுப் பிறகு அரிவாளால் கொத்தினால் காயம் ஆறாமல் உள்ளே அழுகும், விலையும் குறையும்.

வீட்டுக்கு அருகில் மலைவேம்பு வேண்டாம். வேகமாக வளரும் மென்மரம் என்பதால் பலத்த காற்றில் கிளை முறியும். ஓட்டு வீட்டின் மேலோ மாட்டுக் கொட்டகையின் மேலோ விழுந்தால் சேதம் பெரிது.

காட்டு வேம்பு நின்றால்

பழைய பங்களா, பள்ளி, சாலையோரம் ஆகிய இடங்களில் காட்டு வேம்பு அழகுக்காக வைக்கப்பட்டிருக்கிறது. மரத்தின் மீது பழியில்லை. நிழல் தரும், பூ அழகு. ஆபத்து பழத்தில் இருக்கிறது. மஞ்சளாக, உருண்டையாக, கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும் பழம் குழந்தைகளை இழுக்கும். சில பழங்களே குழந்தைக்குத் தீங்கு செய்யும். வாந்தி, வயிற்றுப்போக்கு, எச்சில் ஒழுகுதல், தள்ளாட்டம், உடல் நடுக்கம் ஆகியவை அறிகுறிகள். வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல், வாந்தி எடுக்க வைக்கவும் முயலாமல், உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். தின்ற பழத்தில் ஒன்றிரண்டையும் ஒரு இலைக்கொத்தையும் கையோடு எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவியாக இருக்கும்.

கால்நடைகளில் பன்றிக்குத்தான் இந்தப் பழம் மிகவும் கெடுதல். நாய்க்கும் ஆகாது. பன்றிப் பட்டியின் பக்கம் இந்த மரம் இருந்தால் அகற்றிவிடுவதே சரி. மற்ற இடங்களில் விழும் பழத்தைக் கூட்டி எடுத்துப் புதைத்துவிட வேண்டும்.

கன்று வாங்கும்போது

நாட்டு வேம்புக்கு இலையே போதும். மலைவேம்புக்கு மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். விதை எடுத்த தாய்மரம் எங்கே இருக்கிறது? முடிந்தால் நேரில் போய்ப் பழத்தின் அளவைப் பார்த்து வரலாம். ரசீதில் மீலியா டூபியா என்று அறிவியல் பெயர் எழுதித் தருவார்களா? எழுதித் தரத் தயங்குபவரிடம் நூறு கன்று வாங்குவதைவிட எழுதித் தருபவரிடம் ஐம்பது வாங்குவது மேல். விதைக்கன்றா, தேர்வு செய்த மரத்தில் இருந்து எடுத்த குளோன் கன்றா?

கோவையில் உள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனமும், மேட்டுப்பாளையம் வனக் கல்லூரி மற்றும் ஆராய்ச்சி நிலையமும் மலைவேம்பில் நீண்ட காலமாக ஆய்வு செய்துவருகின்றன. தமிழக அரசின் நீடித்த பசுமைப் போர்வை இயக்கத்தின் கீழ் வனத்துறை நாற்றங்கால்களில் வளர்த்த மரக்கன்றுகளும் விவசாயிகளுக்குக் கொடுக்கப்படுகின்றன. எந்தெந்த மரம் கிடைக்கும் என்பது மாறும் என்பதால், வட்டார வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, உழவன் செயலியிலும் பதிவு செய்துகொள்ளலாம்.

வாசகர் கேள்விகள்

*வீட்டுச் சுவரில் இருந்து ஆறு அடியில் பத்து ஆண்டு வேப்பமரம் நிற்கிறது. வெட்டிவிட வேண்டுமா?*

சுவரிலோ தரையிலோ புதிதாக வெடிப்பு இல்லை என்றால் அவசரம் வேண்டாம். வீட்டுப் பக்கம் சாயும் கிளைகளை ஆண்டுதோறும் கவாத்து செய்யுங்கள். ஒரே நேரத்தில் மொட்டையடிக்காமல் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். சுவர்ப் பக்கம் தண்ணீர் தேங்கினால் வேரும் அங்கேதான் தேடி வரும். கழுவும் தண்ணீரை மரத்தின் மறுபக்கம் திருப்பி விடுங்கள். வெடிப்பு விரிந்துகொண்டே போனால் கொத்தனாரிடம் காட்டி முடிவு செய்யுங்கள். எப்படியும் இப்போதே சரியான தூரத்தில் இன்னொரு கன்று வைத்துவிடுங்கள்.

*மலைவேம்பு விதை போட்டேன். நூற்றில் பத்துகூட முளைக்கவில்லை. ஏன்?*

அதன் கொட்டை மிகக் கெட்டியானது. தண்ணீர் உள்ளே இறங்குவது கடினம். சதையை நீக்கிக் கழுவி, சாணக் கரைசலில் சில நாள் ஊறவைத்து, வெயில் படும் மணல் பாத்தியில் விதைத்தால் ஓரளவு முளைக்கும். அப்படியும் முளைப்பு குறைவாகவே இருக்கும்; ஒரே நேரத்தில் முளைக்காமல் விட்டு விட்டு வரும். குறைந்த எண்ணிக்கையில் தேவை என்றால் நம்பகமான நாற்றங்காலில் கன்றாக வாங்குவதே லாபம்.

*குழந்தை வரம் வேண்டி மலைவேம்பு இலைச் சாறு குடிக்கச் சொல்கிறார்கள். எங்கள் ஊரில் ஊதாப் பூ பூக்கும் மரம்தான் இருக்கிறது. குடிக்கலாமா?*

வேண்டாம். ஊதாப் பூ பூப்பது காட்டு வேம்பு, நஞ்சுள்ள மரம். பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் ஆபத்து இதுதான். மலைவேம்பாகவே இருந்தாலும், அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று எந்தச் சாற்றையும் குடிக்கக் கூடாது. கருத்தரிப்பது தொடர்பாகக் கணவன், மனைவி இருவரும் அரசு மருத்துவமனையில் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அங்குள்ள சித்த மருத்துவப் பிரிவிலும் ஆலோசனை கேட்கலாம்.

*கைக்குழந்தைக்குப் பூச்சித் தொல்லைக்காக வேப்பெண்ணெய் உள்ளுக்குக் கொடுப்பது பழைய வழக்கம். சரியா?*

கொடுக்கக் கூடாது. வேப்பெண்ணெய் உள்ளே போனதால் சிறு குழந்தைகளுக்கு வாந்தி, மூச்சுத்திணறல், வலிப்பு வரை போன பதிவுகள் மருத்துவத்தில் உள்ளன. பூச்சி மருந்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

*எங்கள் ஆடுகள் காட்டு வேம்பின் அடியில் மேய்கின்றன. ஆபத்தா?*

பன்றியைப் போல ஆடுகள் உடனே பாதிக்கப்படுவதில்லை என்றாலும், பழம் நிறைய உதிரும் நாள்களில் அந்த மரத்தடியில் கட்டாதீர்கள். தீனி தின்னாமல் நின்றாலோ, தள்ளாடினாலோ, கழிச்சல் கண்டாலோ கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் கால்நடை ஆம்புலன்ஸை அழைக்கலாம். தழைத் தீவனத்துக்கு நாட்டு வேம்பு, அகத்தி, சூபாபுல் ஆகியவற்றை வரப்பில் வைத்துக்கொண்டால் ஆடுகள் அந்தப் பக்கம் போகவேண்டிய தேவையே இருக்காது.